இறப்புக் கட்டத்தின் பொறுப்பாளர்

டெல்ஃபினா யாகுவால் தோமலா என் மேசை முன்னால் உட்கார்ந்து, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கையை நீட்டினார்.

"தொட்டுப் பாரும்மா மரியுக்சி. செத்தவ கையா இது?"

டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த கை. தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது என் விரலில் அதிர்ந்தது.

குவாயாகில் நகரத்தில் எங்களுடையது பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். யாருக்கு டயாலிசிஸ் அனுமதி, யாருக்கு இல்லை என்பதைப் போன வருடத்திலிருந்து ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் முடிவு செய்கிறது. அந்த நிரலையும் அதற்குப் போகும் தரவையும் ஒழுங்கில் வைக்கும் குழுவில் நான் இருக்கிறேன். ஒழுங்கு என்று சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டெல்ஃபினாவின் கடற்கரை ஊரில், குழந்தை பிறந்த அன்று நாள்காட்டியில் எந்தப் புனிதரோ அவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஊரில் பாதிப் பேர் யாகுவால். அதனால் ஒரே நாளில் பிறந்த இரண்டு டெல்ஃபினா யாகுவால்கள். தாய்வழிக் குடும்பப் பெயர்தான் வித்தியாசம்: இவர் தோமலா, மற்றவர் ரேயெஸ். வெளிநாட்டில் வாங்கிய நிரல் அப்பா பெயரோடு நிறுத்திக்கொள்ளும். அம்மா பெயருக்கு அதில் இடமில்லை. அடையாள அட்டை எண்ணாவது காப்பாற்றியிருக்கும். தனியுரிமை என்று சொல்லி அதை நிரலிடமிருந்து மறைத்துவிட்டு, எங்கள் குழு கேக் வேறு வெட்டியது. ஜனவரியில் ரேயெஸ் இறந்தார். அந்தச் சாவு இந்த வாரம் பதிவேறியதும் நிரல் இரண்டு பேரையும் ஒருவராக்கி, தோமலாவின் சிகிச்சையை நிறுத்திவிட்டது.

குழுத் தலைவர் பைரனிடம் ஓடினேன். எங்கள் ஊரில் இஸ்திரிச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் இஞ்சினியர்தான், அவரும் இஞ்சினியர்.

"இஞ்சினியர், அந்தம்மா கீழ உட்காந்திருக்காங்க. உயிரோட."

"நான் இல்லைன்னு சொன்னேனா? பதிவைக் கையால திருத்தக் கூடாதுங்கறது விதி. அந்தக் கட்டத்தோட பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும்."

"'இறந்தாச்சா'ங்கற கட்டத்துக்குப் பொறுப்பாளரே கிடையாதே."

உண்மை. பெயர், முகவரி, தொலைபேசி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துறையைப் பொறுப்பாக்கியபோது, இதை மட்டும் சட்டத் துறை மருத்துவத் துறையிடம் தள்ளியது, மருத்துவத் துறை சட்டத் துறையிடமே திருப்பித் தள்ளியது. சாவுக்குப் பொறுப்பேற்க யாரும் தயாரில்லை.

"அப்ப இன்னிக்கே ஒருத்தரைப் போடுங்க."

"குழு கூடணும்ல? கார்னிவல் லீவுக்கு எல்லாரும் பீச்சுக்குக் கிளம்பியாச்சு. புதன்கிழமை பாக்கலாம். நீயும் போயிட்டு வா, மூஞ்சியாவது தெளியும்."

"அதுவரைக்கும் அவங்க உடம்பு தாங்காது."

"அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

டெல்ஃபினா போனார். காப்பீடு இருப்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சிகிச்சை மையத்தை நானே அழைத்துக் கெஞ்சினேன். "அனுமதி எண் இல்லாம மெஷினையே போட முடியாதுக்கா" என்றாள் அங்கிருந்த பெண். வெளியே தெருவில் கார்னிவல் விளையாட்டில் ஒருவர் மேல் ஒருவர் டப்பா நுரையடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கார்னிவல் முடிந்த மறுநாள், திருநீற்றுப் புதனன்று, குழு கூடியது. எல்லோர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை. காலையில்தான் டெல்ஃபினாவின் மகள் எனக்குப் போன் செய்திருந்தாள்.

"டெல்ஃபினா நேத்து இறந்துட்டாங்க" என்றேன்.

பைரன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டத் துறைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப திருத்தறதுக்கு ஒண்ணுமில்லையே. பதிவு சரியாத்தானே இருக்கு."

"சரியா இல்லை" என்றேன். "ஜனவரியில செத்ததா இருக்கு. அதுக்கப்புறமும் அவங்க உயிரோட இருந்தாங்க. என் முன்னால கையை நீட்டினாங்க. தேதியையாவது மாத்துங்க."

பைரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"தேதிக் கட்டத்துக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.