சிம்பிளாகச் செய்கிறார்கள்

மகள் கல்யாணத்தைச் சொல்ல வந்த என் தம்பி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தான்.

"சிம்பிளாப் பண்றோம்ணே. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதான். யாரையும் கூப்பிடல."

எனக்கும் அது கௌரவமாகவே பட்டது. பந்தா காட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அத்தை மகன் போனில் குறைப்பட்டபோது, "சிம்பிள்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்று அவன் வாயை அடைத்தேன்.

மறுவாரம் கால்சட்டை இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லித் தையல்காரரிடம் போனேன். அவர் மெஷினை விட்டுத் தலை தூக்கவில்லை.

"அடுத்த வாரம் பார்க்கலாம் சார். இப்ப பூரா உங்க தம்பி வீட்டுத் துணிதான். பெரிய ஹாலாமே? உங்க கோட்டு எங்க?"

"அது சிம்பிளான கல்யாணம்."

"நல்ல சிம்பிள் சார். எனக்கு ரெண்டு கை பத்தல."

அங்கிருந்து நேராகத் தம்பியின் பெயின்ட் கடைக்கு நடந்தேன். யாருக்கோ நீலம் கலந்துகொண்டிருந்தான். ஹால் விஷயத்தைக் கேட்டதும் அவன் பொய் சொல்லவில்லை, அதுவரை சரி.

"மாப்பிள்ளையோட அம்மா ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. நீங்க அதைச் சபையில வச்சுக் கேப்பீங்க. அக்கா மக கல்யாணத்துல சம்பந்தியை நிக்க வச்சு விசாரிச்சீங்களே, மனுஷன் சாப்பிடாமலே போயிட்டார்."

"நம்ம குடும்பத்துக்குள்ள வர்றவங்களை விசாரிக்காம?"

"அதான்ணே. இதைச் சிம்பிளா முடிச்சிடலாம்னு பார்த்தோம்."

"அப்ப சிம்பிள்னா, நான் இல்லாமன்னு அர்த்தம்."

அவன் டப்பா மூடியைத் தட்டித் தட்டி இறுக்கினான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இனி அந்த வீட்டுப் படியை நம்ம யாரும் மிதிக்கக் கூடாது."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை முழுதாக மடித்து வைத்தாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"எப்ப?"

"உங்ககிட்ட சொல்ல வர்றதுக்கு முந்தியே."

"நீ போகப்போறியா?"

"நான் தூக்கி வளர்த்த பொண்ணு. போகாம?"

கல்யாணத்தன்று காலையில் புதுத்துணியோடு கதவருகே நின்றாள். நான் செய்தித்தாளை இறக்கவில்லை. ஆனால் நாலு பேர் கேட்பார்கள். அண்ணன் தம்பிக்குள் விரிசல் என்று ஊர் பேச விட முடியாது.

"யாராவது கேட்டா எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்படித்தான் ஏற்கெனவே சொல்லி வச்சிருக்காங்க."