சவேரியின் குழி

1974-இல், மூன்று மாதம் கோயில் கோயிலாக அலைந்து, ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டில் என் கொள்ளுத்தாத்தா சவேரியைக் கண்டுபிடித்தேன். பெயருக்கு எதிரே ‘சீன தேசத்தான்’ என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒருவரும் என்னிடம் சொல்லாத விஷயம்.

அடுத்த வாரமே அப்பா இறந்தார். படப்பைக் கல்லறையில், சவேரியின் குழியிலேயே அவரையும் வைக்கலாம் என்று தோண்டினார்கள். அடிவரை வெட்டியவர் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

“உள்ள ஒரு எலும்புகூட இல்லம்மா. யாரோ எப்பவோ எடுத்துக்கினு போயிட்டாங்க.”

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அக்கா அன்னபுஷ்பத்தைப் பிடித்துக்கொண்டேன். இனியாவது வாயைத் திறங்கள் என்றேன்.

“ஏழு வருஷம் கழிச்சி எலும்ப எடுத்துக் கழுவி, அவரு ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டு செத்தாராம். அது அவங்க வழக்கமாம். நம்மாளுங்க எடுத்தாங்க, கழுவுனாங்க. எந்த ஊருன்னு மட்டும் கேட்டு வெச்சிக்கல.”

“அப்ப அது எங்க அத்த?”

அத்தை பரணைப் பார்த்தாள். அங்கே துணியால் வாய் கட்டிய பீங்கான் ஜாடி இருந்தது. பழைய ஊறுகாய், தொடக்கூடாது என்று சிறு வயதில் என்னை அதட்டி வைத்திருந்தார்கள்.

எட்டு வயதில் ஒருநாள் திருட்டுத்தனமாக ஏறி, துணிக்கடியில் விரலை விட்டு, ஒட்டிய பொடியை நக்கியிருக்கிறேன்.

உப்பே இல்லை.