பத்துச் சுற்றுக்கு இரண்டு கடிகாரம்

பந்தயப் பாதையின் சுவரோரம், மோட்டார் சைக்கிள் வீரரின் ஆட்களோடு மகள் ஒரு நாள் உட்கார விலை இரண்டு புது டயர். அப்படியொரு விலை உலகத்தில் எங்கும் கிடையாது. பழைய டயர் வியாபாரி தானாகவே போட்ட விலை அது. சக்கர நாற்காலியில் மகளைத் தள்ளிக்கொண்டு அந்த வீரரிடம் போய் நின்றார். மகளுக்குப் பதினைந்து வயது. வீரரின் படம் வந்த ஒரு பத்திரிகையையும் அவள் கத்தரிக்காமல் விட்டதில்லை.

வீரர் காலமாகி இன்று ஒரு மாதம். கடைக்கு வருகிறவர்கள் அவருடைய கோப்பைகளை எண்ணிச் சொல்கிறார்கள். டயர்க்காரருக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு நாள்தான்.

"டயரை வித்துப் பொழைங்கண்ணே," என்றார் வீரர் அன்று. "பாப்பா சும்மா உட்கார வேணாம். நேரம் எடுக்கட்டும்." ஸ்டாப்வாட்சை அவள் கையில் வைத்தார்.

அணி மேனேஜரின் முகம் சுருங்கியது. மகளுக்குப் பிறவியிலேயே விறைத்த விரல்கள். பாதையில் போன ஒவ்வொரு வண்டியும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பொத்தான் அழுந்தியது.

"தம்பி, நாளைக்கு ரேஸ். இந்த நேரத்தை நம்பி வண்டியைச் சரி பண்ணினா கடைசியிலதான் வருவோம். பொண்ணுக்கு ஒரு தொப்பி கொடுத்து அனுப்பிடலாம்."

"தொப்பி வீட்ல ஏழு இருக்கு சார்," என்றாள் மகள்.

"ஆரம்பிக்கும்போதும் லேட்டா அமுக்குறா, முடிக்கும்போதும் அதே அளவு லேட்டு," என்றார் வீரர். "ரெண்டும் கழிஞ்சு போயிடும்ல?"

மேனேஜர் விழித்தார். டயர்க்காரருக்குச் சட்டென்று பிடிபட்டது: எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழிக்கிற கணக்கு. அந்த விரல்களைப் பதினைந்து வருஷம் நீவிவிட்டவர் அவர். அவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று அவருக்கே அதுவரை தோன்றியதில்லை.

"பத்து ரவுண்டு போறேன். நீங்களும் பாப்பாவும் நேரம் எடுங்க. சாயங்காலம் சரியான நேரம் போட்ட கம்ப்யூட்டர் சீட்டு வரும். யாரோடது கிட்ட வருதோ, நாளைக்கு வாட்ச் அவங்களுக்கு."

அன்றைய பயிற்சியில் மிச்சமிருந்ததே பத்துச் சுற்றுதான். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பா," என்றாள் மகள் மெல்ல, "தோத்துட்டா பேசாம வீட்டுக்குப் போயிடுவோம். நீங்க நடுவுல பேரம் பேசக் கூடாது."

மேனேஜருக்கு அவசரக் கை. வண்டி வேகமாக வந்தால் ஆசையில் முந்திக்கொண்டார். மெதுவாக வந்தால் கவலையில் பிந்தினார். மகள் ஒவ்வொரு சுற்றையும் ஒரே மாதிரி தாமதமாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சீட்டு வந்தது. டயர்க்காரர் வாயைத் திறக்காமல் சுற்றுக்குச் சுற்று வித்தியாசத்தைக் கூட்டினார். மேனேஜர் பிடுங்கி மறுபடி கூட்டினார். தொகை மாறவில்லை. பத்துச் சுற்றுக்கும் சேர்த்து மேனேஜரின் பிசகு இரண்டு விநாடி. மகளுடையது அரை விநாடி.