குட்டைக்கரையில் கொட்டு

கஞ்சித் தண்ணீரை ஊற்றி மீன் தீவனத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள் பொன்னழகு. வாசல் பந்தலுக்கடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் பொம்மையன் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

கொல்லைப்பக்கம் வந்த பெண்கள் அவளைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"ஏத்தா, வாசல்ல பொணத்த வச்சுக்கிட்டு மீனுக்கா பெசையிற?"

"அதுகளுக்கு என்ன தெரியும், செத்தது ஆருன்னு? பசிக்கும்ல."

நெல்லிக்காய்ப் பொடியும் வைட்டமின் பொடியும் கஞ்சியின் பிசுபிசுப்பில் உருண்டைகள்மேல் ஒட்டிக்கொண்டன. வாரக் கடைசியில் குட்டையில் வலை போட்டாக வேண்டும். ரோகுவையும் கட்லாவையும் உயிரோடு ஏற்றிப்போகச் சொல்லி வைத்திருந்த லாரி வந்துவிடும். மிரண்ட மீன் இரை எடுக்காது. இரை எடுக்காத மீன் வலையிலேயே துவண்டு, லாரித் தொட்டியில் செத்து மிதக்கும். அந்த மிரட்சியைத் தாங்கத்தான் இந்தச் சத்துப் பொடி.

ஒரு வருஷம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ குட்டைக்கரையில் வேட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள். பொம்மையன் யார் யாரிடமோ கேட்டு, காந்திகிராமம் பக்கம் பயிற்சிக்கெல்லாம் போய், இந்தப் பக்குவத்தைக் கொண்டுவந்தார். பிசைவது பொன்னழகு, வீசுவது அவர். அப்படியும் அவருக்குப் பயம் போகவில்லை. அம்மன் ஊர்வலம் குட்டைப் பக்கம் திரும்பினால் ஓடிப்போய் முன்னால் நின்று உதட்டில் விரலை வைப்பார். "செத்த நேரம் நிறுத்துங்கப்பு" என்று கும்பிடுவார். தீபாவளிக்குக் கரையில் காவல் இருப்பார்.

"சாமிக்கே கொட்ட நிறுத்துற. நீ போறப்பயும் கொட்டில்லாமத்தான் போவ, பாரு" என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். பொம்மையன் சிரித்தார். பொன்னழகு சிரிக்கவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. சின்னாளப்பட்டியிலிருந்து அவள் தம்பி கருப்புசாமி கோடித்துணியோடும் மாலையோடும் இறங்கினான். பின்னாலேயே பவுல்ராஜின் கொட்டு செட்டும் ஒரு சாக்கு வேட்டும் இறங்கின.

"மீனுக்கு பி.பி. மாத்திரை குடுத்தாச்சா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டேதான் எப்போதும் இந்த வீட்டுக்குள் நுழைவான் கருப்புசாமி. "உனக்கு வாங்குனது மாப்ள, மாறிப்போச்சு" என்பார் பொம்மையன். இன்றைக்கு அவன் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மகள் வினிதாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா, கொட்டு வேணாம். சுடுகாட்டுப் பாதை குட்டைக்கரை மேலதான போகுது? அப்பாவே ஒத்துக்க மாட்டாரு."

"ஏம்புள்ள, எங்க மச்சான் என்ன அனாதப் பொணமா? ஊரு சிரிக்கும்!"

பவுல்ராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணன் எங்கள அந்தக் கரையில அடிக்க விட்டதே இல்ல. ஒண்ணு செய்றோம். கர வந்ததும் கைய நிறுத்திக்கிறோம். தாண்டுனதும் எடுத்துக்கிறோம்."

அதுதான் சரி என்று பந்தலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்போது கொல்லையிலிருந்து பொன்னழகு வந்தாள். முழங்கை வரைக்கும் தீவனம் அப்பியிருந்தது.

"எதுக்கு நிறுத்தணும்?"

"யக்கா, மீனு..."

"அங்கனதான்டா நல்லா அடிக்கணும். இம்புட்டு வருசமா ஒவ்வொருத்தன் காலுலயும் விழுந்தாரு. இன்னிக்கும் வாயப் பொத்திக்கிட்டா போகணும்? வேட்டும் போடுங்க. அவரு பண்டுவம் பாத்த மீனு. எங்கையால பெசஞ்சு போட்டது. தாங்கும்."

"தாங்கலேன்னாம்மா?" என்றாள் வினிதா.

பொன்னழகு கொல்லைக்குத் திரும்பிப் போய், பிசைந்ததை நிழலில் பரப்பி உலரவிட்டாள்.

சாயங்காலம் பாடைத் தேர் கிளம்பியது. முச்சந்தியோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். கொட்டுச் சத்தம் தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போவதைக் காதாலேயே பின்தொடர்ந்தாள் பொன்னழகு. இப்போது மோட்டார் ரூம். இப்போது கரையின் ஏற்றம். சத்தம் ஒரு கணம் தணிந்தது. பவுல்ராஜுக்கே கை வரவில்லைபோல.

"அடிங்கடா" என்று முணுமுணுத்தாள்.

அடித்தார்கள். அந்தக் கரை கேட்டிராத அடி. மேலே வேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. பனைமரத்துக் காக்கைகளெல்லாம் கிளம்பிப் பறந்தன. அவள் தலைநிமிர்ந்து, சத்தம் ஓயும்வரை அசையாமல் நின்றாள்.

மறுநாள் வெயில் ஏறுமுன் தீவனச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். துக்க வீட்டுக்காரி படி இறங்குகிறாளே என்று யாரோ முனகினார்கள். கருப்புசாமி தூக்குவாளியோடு பின்னால் வந்தான்.

"பச்சத்தண்ணி எறங்கல நேத்திலருந்து. ரெண்டு இட்டிலியாச்சும் தின்னுக்கா."

"அதுக திங்கட்டும்."

குட்டை அசையாமல் கிடந்தது. வெடித்த வேட்டின் சிவப்புக் காகிதத் துணுக்குகள் தண்ணீர்மேல் படர்ந்திருந்தன. மிதக்கும் மீன் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரை எடுக்க வேண்டுமே. அவர் நிற்கிற மூலையில் நின்று, அவர் வீசுகிற மாதிரியே கையை விரித்து வீசினாள். உருண்டைகள் காகிதங்களுக்கு நடுவே மிதந்தன.

ஒன்றும் மேலே வரவில்லை. இன்னொரு கை வீசினாள். கருப்புசாமி துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தான். பொன்னழகின் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஒரு சிவப்புத் துணுக்கு லேசாக நகர்ந்தது. பக்கத்தில் ஒரு வட்டம். அந்த வட்டம் விரியுமுன் இன்னொன்று. அப்புறம் மூலை முழுவதும் வாய்கள், முதுகுகள், வால்கள். தண்ணீர் உலைபோலக் கொதித்தது.

"யக்கா! திங்குதுகக்கா! அம்புட்டும்..."

பொன்னழகு திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

கருப்புசாமி சட்டென்று வாயை மூடிக்கொண்டான். சட்டைப் பையில் போன் அடித்தது. அவசரமாக அதை அமுக்கி அணைத்தான்.

சட்டி காலியானது. அவள் குனிந்து குட்டைத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, கரையில் உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் வராமல் திறந்தாள்.