கோளாறு என்று சொல்லக் கூடாது

திங்கட்கிழமை காலை சர்வீஸ் சென்டர் மேனேஜர் போன் மேஜைக்கு வந்து இரண்டு தாள்களை வைத்தார். ஒன்றில், பெட்ரோலிலும் மின்சார மோட்டாரிலும் ஓடும் கம்பெனியின் புது ஹைபிரிட் கார் வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் நம்பரும். இன்னொன்றில் அவர்களிடம் பேசும்போது வாயில் வரவே கூடாத சொற்கள்: கோளாறு, ஆபத்து, விபத்து, பிரேக்.

"பிரேக்கும் சொல்லக் கூடாதா சார்?" என்று கேட்டாள், ஆறு வருஷமாக அந்த மேஜையில் போன் பேசுகிறவள்.

"வேகம் குறைக்கும் அமைப்புன்னு சொல்லுங்க. அதுல ஒரு சின்ன மேம்பாடு, வசதிப்பட்டப்போ வாங்கன்னு சிரிச்ச மாதிரி பேசுங்க. போன் கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகுது."

அந்த மேம்பாடு என்னவென்று அவள் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனிடம் போய்க் கேட்டாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஹைபிரிட் மெதுவா போறப்போ மோட்டாரே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். நிஜ பிரேக்குக்கு வேலை கம்மி. மேடு பள்ளத்துல சக்கரம் குதிச்சா மோட்டார் கையை விட்டுடுது. நிஜ பிரேக் வந்து பிடிக்க ஒரு செகண்ட் ஆகுது. அந்த ஒரு செகண்ட் வண்டி யார் பேச்சையும் கேக்காது. சாஃப்ட்வேரை மாத்தினா சரியாயிடும், அரை மணி நேர வேலை."

"இதைத்தான் மேம்பாடுன்னு சொல்லச் சொல்றாங்க."

"பல்லு விழுந்தவன்கிட்ட, உங்க வாய் நல்லா விசாலமாயிடுச்சுன்னு சொல்ற மாதிரி" என்றார் ஃபோர்மேன்.

அவள் சிரித்த மாதிரியே பேசினாள். எதிர்முனையிலும் எல்லோரும் சிரித்த மாதிரியே பேசினார்கள். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், "இருக்கிறதே போதும்மா, இதுக்கு மேல மேம்பட்டு நான் என்ன பண்ணப்போறேன்" என்றார். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் பதினோரு கார்கள் வந்தன.

இருநூற்று ஏழாவது நம்பர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவரிடமும் தாளில் உள்ளபடியே பேசினாள். "என் வண்டியை இதுக்கு மேல மேம்படுத்த ஆள் பிறக்கணும்மா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வழக்கம்போல் அக்கா வீட்டில். ஹைபிரிட் வந்த எட்டு மாதமாக அந்த மேஜையில் வேறு பேச்சே இல்லை.

"என்ன சகலை, உன் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருது?" என்றார் அத்தான்.

"பதிமூணு" என்றான் அவள் கணவன், தட்டைப் பார்த்தபடி.

"நம்மது இருபத்தாறு. சத்தமும் கிடையாது. உன் வண்டி தெரு முனையில திரும்பறப்பவே எங்க ஜன்னல் கண்ணாடி ஆடுது."

அவள் குறுக்கே பேசினாள். "அத்தான், ஆபீஸ் போன்ல சொல்ல முடியலை. உங்க வண்டியில பிரேக் ஒரு செகண்ட் பிடிக்காம போகலாம். நாளைக்கே கொண்டு வாங்க."

அத்தான் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "சகலை சொல்லிக் கொடுத்தானா?"

அக்கா பரிமாறுவதை நிறுத்தினாள். "நாங்க ஒரு வண்டி வாங்கினது உங்க ரெண்டு பேருக்கும் பொறுக்கலைன்னு நேராவே சொல்லிடேன்டி."

"விடு, சின்னப் பொண்ணு" என்றார் அத்தான். நாற்பது வயதை அவள் போன மாதம்தான் தாண்டியிருந்தாள். "ஹைபிரிட்ல பிரேக் தேயறதே கிடையாது. தேயாத பிரேக் எப்படிப் போகும்? ஒரு லாஜிக் வேண்டாமா? வாங்க, எல்லாரும் ஏறுங்க, காட்டறேன்."

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை லாஜிக் சரியாகவே இருந்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. அத்தான் பிரேக்கை அமுக்கினார். கார் எந்த அவசரமும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் போய், வாசலில் நின்றிருந்த சகலையின் பெட்ரோல் வண்டியின் முதுகில் முட்டியது.

யாருக்கும் அடியில்லை. அக்காவின் மூக்குக்கண்ணாடி மட்டும் கழன்று மடியில் விழுந்தது. ஹைபிரிட்டின் பம்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. பழைய வண்டியில் ஒரு விளக்கு உடைந்திருந்தது.

"லேட்டா அமுக்கிட்டேன்" என்றார் அத்தான்.

"இல்லை" என்றாள் அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கால் தரையைத் தொடற வரைக்கும் அமுக்கினீங்க."

கணவன் இறங்கி இரண்டு வண்டிகளையும் சுற்றிப் பார்த்தான். "உங்க வண்டி நல்லா ஓடுது சகலை. நிக்கறதுதான் கொஞ்சம் தாமதம்." எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான் நீடித்தது. இன்ஷூரன்ஸ் காகிதத்தைத் தேடி அவள் அவன் மேஜை டிராயரைக் குடைந்தபோது, பெட்ரோல் கார் செய்த கம்பெனியிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் கிடைத்தன. முதல் கடிதத்துக்கு நான்கு வயது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு ஓர் இனிய அறிவிப்பு' என்று தொடங்கியது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் தெறிக்க 'வாய்ப்பு உள்ளது' என்று பொடி எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள் அவள்தான்.

"இனிய அறிவிப்புன்னு போட்டிருந்துச்சு" என்றான் கணவன், குரல் இறங்கி. "விளம்பரம்னு நினைச்சேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தவள் மறுபடியும் கடிதத்தைப் படித்தாள். ஏதோ ஓர் ஆபீஸில் யாரோ ஒருத்தி, சொல்லக் கூடாத சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. அவளும் இரண்டு வாரமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் நம்பரிலிருந்து மறுபடி தொடங்கினாள். "உங்க கார் பிரேக்ல கோளாறு இருக்கு. மேடு பள்ளத்துல ஒரு செகண்ட் பிடிக்காம போகலாம். நேத்து எங்க அத்தான் போய் இடிச்சுட்டார். இன்னிக்கே வாங்க."

ஹெட்மாஸ்டர் டாக்சியில் வந்து சாவியைக் கொடுத்து, நீங்களே போய் வண்டியை எடுத்து வாருங்கள் என்றார். வியாழக்கிழமை கார் வரிசை தெருத் திருப்பம் வரை நின்றது. அத்தானும் அதில் நின்றார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்களிடம், அந்தக் கோளாறைச் சோதனை செய்து தான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "ரெக்கார்டிங் கேட்டேன். கோளாறுன்னு எட்டு தடவை சொல்லியிருக்கீங்க."

"ஒரு காலுக்கா சார், மொத்தமாவா?"

மாதக் கடைசியில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கார்கள் சரியாகியிருந்தன. வேறு எந்தக் கிளையும் நூறைத் தாண்டவில்லை. 'வாடிக்கையாளருடன் இனிமையான உரையாடல்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயம் ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜருக்கு வந்தது. மற்றக் கிளைகளுக்கு அவர் வகுப்பு எடுக்க வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது. அதே உறையில், அனுமதிக்கப்படாத சொற்களைப் பயன்படுத்தியதற்காக அவளுக்கு ஒரு மெமோ.

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "மீதிப் பதினாலு பேர்கிட்ட எப்படிப் பேசட்டும் சார்?"

மேனேஜர் கேடயத்தை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்துப் பார்த்தார். "அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பது பேர் அந்த வாரமே வந்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேர் காரைத் தரகர்களிடம் விற்றுவிட்டிருந்தார்கள்; நல்ல வேளை, தொல்லை விட்டது என்றார்கள். இப்போது அதை ஓட்டுவது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு புதுத் தாளை எடுத்து ஐந்து வண்டிகளின் பதிவு எண்களை எழுதிக்கொண்டு, போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.