இஞ்ச் டேப் யார் கையில்

தூக்கக் கலக்கத்தில் வேனோடு என் தையல் கடைக்குள் நுழைந்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்றுதான் சமரச மையத்துக்குப் போனேன். சாப்பிடப் போயிருந்ததால் என் தலை தப்பியது. முன்சுவர் போச்சு, கண்ணாடி போச்சு, மிஷின் கால் ஒடிந்து கிடந்தது. இரண்டு தரப்பும் பேசி ஒத்துப்போனால் சிறை வேண்டாம், சேதத்தை அவனே சரிசெய்யட்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தாராம். ஒத்துப்போவதாவது, மண்ணாவது.

வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பொருள் கைக்குக் கை மாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பொருளைக் கடையிலிருந்து என்னையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கத்தரிக்கோலை எடுத்துப் போயிருந்தேன். "இது வேணாங்க்கா" என்று மையத்துப் பெண் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் காட்டினாள்.

டேப் என் கையில் இருந்தவரை அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகு அது கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் போனது. "நம்ம வீட்லயும் இப்படி ஒண்ணு வேணும்" என்றார். முறைக்கத்தான் முடிந்தது.

அடுத்து வேன்காரன். டேப்பைச் சுருட்டினான், பிரித்தான்.

"என்னை உள்ளயே போட்டுருங்க. அக்கா கடையப் பாக்க முடியாம தினமும் பின் தெரு வழியா சுத்திப் போறேன். ஜெயில்னா இவங்க முகத்துல முழிக்க வேண்டாம்."

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த அவன் மனைவி தரையைப் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதெப்படி? நீ உள்ள போய் ஹாயா உக்காந்துட்டா என் சுவர யாரு கட்டுறது?"

"அக்கா, டேப் அவர் கையில இருக்கு" என்றாள் மையத்துப் பெண்.

அவன் எழுந்து வந்து டேப்பை என் கையில் கொடுத்தான். கோபத்தில் கொட்டியதை இப்போது யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை கொட்டாவி விட்டது.

"ஜெயிலெல்லாம் வேணாம். காலைல கடைக்கு வா" என்றேன்.

வந்தான். கொத்தனாருக்குக் கலவை சுமந்தான், மிஷினைத் தூக்கிப் போய்ச் சரிசெய்து வந்தான். தினமும் திட்டினேன், தினமும் டீ வாங்கிக் கொடுத்தேன். சுவர் லேசாகக் கோணல்தான். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

திரும்ப வேன் ஓட்ட அனுமதி கிடைத்த பிறகு அவன் பின் தெருவில் போவதில்லை. கடை முன்னால் ஒரு சின்ன ஹார்ன் அடிப்பான். நான் தையலிலிருந்து தலை தூக்காமலே சொல்வேன்:

"தூங்கிடாத. பாத்துப் போ."