கண்ட்ரோல் அக்காவின் குரல்

டாக்ஸி கம்பெனியில் அவளுக்குப் பெயரே கண்ட்ரோல் அக்காதான். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று வயர்லெஸில் சொல்வது அவள் வேலை. தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அழுது முடித்த கையோடு ஒரு காரியம் செய்தாள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்கப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் வாக்கியம் வாக்கியமாகத் தன் குரலைப் பதிவு செய்தாள். அந்தப் பதிவுகளைக் கொடுத்தால், டைப் செய்வதை அவள் குரலிலேயே பேசும் ஆப் ஒன்று இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறி, வீட்டுக்கு வந்து, ஆசையாகக் கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அத்தோடு சரி. பதிவுகளை ஆப்பில் இன்னும் ஏற்றவில்லை, வேறு எங்கும் காப்பியும் எடுத்து வைத்திருக்கவில்லை.

“விடும்மா, ஆப்லயே ரெடிமேட் குரல் எத்தனையோ இருக்கு,” என்று கணவன் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பேங்கில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்கிற குரல் மாதிரி இருந்தது. அவள் போனில் டைப் செய்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்: ‘இந்தக் குரல்ல திட்டுனா உங்களுக்கு உறைக்குமா?’ அவன் அந்தக் குரலை நிறுத்தினான்.

மறுநாளே நாத்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் போன கடைக்காரன் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க,” என்றான். அடுத்த கடையில் இருந்தவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் திருப்பி, விளக்கடியில் நிதானமாகப் பார்த்தாள்.

“கரண்டு எகிறி டிஸ்க்கோட போர்டும் கருகியிருக்கு. பதிவெல்லாம் இருக்கற உள் தட்டு தப்பிச்சிருக்கலாம். அதே மாடல், அதே நம்பர் போட்ட போர்டு கிடைச்சா, இந்தச் சின்னச் சிப்பை அதுக்கு மாத்திப் பாக்கலாம். இந்த டிஸ்க்குக்கே உரிய குறிப்பெல்லாம் இதுலதான் இருக்கு. ஆனா இது பழைய மாடல், புதுசா வர்றதில்ல. எங்கயாவது உடைஞ்ச பெட்டியில இருந்தாதான் உண்டு.”

“அப்ப கஷ்டம்தானா?” என்றாள் நாத்தனார்.

கண்ட்ரோல் அக்கா அதற்குள் போர்டு நம்பரைப் போனில் படம் எடுத்திருந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் தெரு முழுக்க ஏறி இறங்கினார்கள். அவள் வாயைத் திறக்காமல் படத்தை நீட்டியதும், பாதிப் பேர் அவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டி, அடித்தொண்டையில் கத்தினார்கள். “அண்ணிக்குக் காது பாம்புக் காது. நீங்க கத்துறதுல எனக்குத்தான் செவுடாயிடும்!” என்று கடைக்குக் கடை நாத்தனார் சண்டை பிடித்தாள். மாடல் சரியாக இருந்தால் நம்பரில் கடைசி எழுத்து மாறியிருந்தது. நம்பர் ஒத்துப்போனால் போர்டில் துரு ஏறியிருந்தது. ஒருநாள் நாத்தனாருக்குக் கால் வீங்கிவிட்டது. மறுநாள் கண்ட்ரோல் அக்கா தனியாகவே போனாள்.

கடைசியில் ஒரு மூடிப்போன போட்டோ ஸ்டுடியோவின் சாமான்கள் குவிந்திருந்த கிடங்கில், தூசு மண்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நின்றாள். போனில் இருந்த நம்பரையும் கையில் இருந்த போர்டின் நம்பரையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள். சத்தம் போட முடியாததால் பக்கத்தில் இருந்த தகர டப்பாவை ஓங்கி உதைத்தாள். கிடங்குக்காரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

கடைக்காரப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பை மாற்றி வைத்தாள். டிஸ்க் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. “யாரும் தொடாதீங்க, முதல்ல அப்படியே மொத்தத்தையும் காப்பி எடுத்துக்கறேன். இன்னொரு தடவை இது சுத்தும்னு சொல்ல முடியாது,” என்றாள். காப்பி ஏறி முடிக்க இரண்டு நாள் ஆனது. பதிவுகளில் சில பாதியில் அறுந்திருந்தன, சிலவற்றில் வெறும் கரகரப்பு. ஆனால் ஆப் கேட்ட அளவுக்கு மேலேயே தேறியது.

எல்லாவற்றையும் ஏற்றி, குரல் தயார் என்று செய்தி வந்ததும் அவள் முதலில் தம்பிக்குத்தான் போன் போட்டாள். அவன் வெளியூரில் இருக்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு மெசேஜோடு நிறுத்திக்கொண்டவன்.

“டேய், நான்தான்டா பேசுறேன்.”

எதிர்ப்பக்கம் அவன் குரல் கடுகடுத்தது. “யாருங்க அது? எங்கக்கா பேச மாட்டாங்க. அவங்க போனை எடுத்து வச்சுக்கிட்டு, அவங்க குரல்லயே பேசி விளையாடுறீங்களா?”

அவள் இரண்டு விரலால் தட்டுத் தடுமாறி டைப் செய்தாள். அவன் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தான்.

“வச்சிடாதடா, டைப் பண்ண நேரமாகுது.”

அவன் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சரிக்கா, நீ மெதுவா பண்ணு. நான் இருக்கேன்,” என்றான்.